கடற்கரை விடுமுறை: ஐந்து தீவுகளில் பட்டுத் தெரிந்துகொண்டது

அறைச் சாவியை வாங்கிப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மூவரும் ஓடியது கடலுக்குத்தான். மணலில் கால் வைத்ததும் கண்ணில் பட்டது, கடலில் இறங்காதே என்று சொல்லும் ஒரு சிவப்புக் கொடி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று. கடல் சாம்பல் நிறத்தில் உறுமிக்கொண்டிருந்தது. தாய்லாந்தில் ஃபுக்கெட் தீவின் மேற்குப் பக்கம், கட்டா கடற்கரை, ஜூலை மாதம். முன்பதிவு செய்தபோது பார்த்த படத்தில் இதே கடல் கண்ணாடித் தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது.

ஆறு நாள் இருந்தோம். ஐந்து நாள் கொடி இறங்கவில்லை. அப்போது மகளுக்கு ஏழு வயது. மணலில் வீடு கட்டினாள், அலை வந்து அழித்தது, திரும்பவும் கட்டினாள். மனைவி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மட்டும், "நீச்சல் குளத்துல குளிக்கிறதுக்கு ஃபிளைட் ஏறணுமா?" என்று கேட்டாள். எனக்கு வாயைத் திறக்க வழியில்லை. அறை வாடகை பாதியாகக் கிடைக்கிறதே என்று, ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பில் பணம் கட்டியவன் நான்தான். ஏன் பாதி என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

திரும்பும் வழியில் பாங்காக் விமான நிலையத்தில் எங்களுக்கு எதிரே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மூக்கு தோலுரிந்து, தலைமுடி உப்பில் சிக்குப் பிடித்து, கடலிலேயே கிடந்தவர்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எங்கே போனீர்கள் என்று விசாரித்தேன். கோ சமூய். அதே நாடு, அதே வாரம், ஃபுக்கெட்டிலிருந்து ஒரு மணி நேர விமானப் பயணம். கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "குளம் மாதிரி" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வரைபடத்தைத் திறந்தேன். போவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. ஃபுக்கெட், கிராபி, பீ பீ தீவுகள் எல்லாம் அந்தமான் கடல் பக்கம் இருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கம்தான் அலையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சமூயும் பாங்ஙானும் நிலத்துக்கு மறுபுறம், தாய்லாந்து வளைகுடாவில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அங்கே பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஆக, தாய்லாந்து போக எந்த மாதம் நல்லது என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்தப் பக்கம் என்று சொன்னால்தான் மாதம் சொல்ல முடியும்.

இலங்கை இன்னும் சுலபம். மே முதல் செப்டம்பர் வரை உனவடுன, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ என்று தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும். அப்போது கிழக்கே நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் அடங்கியிருக்கும். நவம்பருக்கு மேல் வாடைக்காற்று தொடங்கினால் கதை தலைகீழ். பாலியிலும் இதே கணக்குதான். ஜனவரியில் புது மனைவியோடு கூட்டா கடற்கரைக்குப் போன உறவுக்காரப் பையன் ஒருவன், அலையோடு ஒதுங்கிய பிளாஸ்டிக் குப்பைக்கு நடுவில் நின்றபடி எனக்குப் படம் அனுப்பினான். மழைக்காலத்து மேற்குக் காற்று, ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் குப்பையையெல்லாம் அந்தப் பக்கம்தான் கொண்டுவந்து தள்ளும். தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் சனூருக்கு மாறிப் பார் என்றேன். மழை விடவில்லை, ஆனால் குப்பை இல்லை என்று பதில் வந்தது.

கரீபியன் பக்கம் நான் போனதில்லை. ஆனால் அங்கே போக நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். 2011 முதல் அநேகமாக ஒவ்வொரு ஆண்டும், வசந்தத்திலிருந்து கோடை முடியும் வரை, சர்காசம் என்ற பழுப்புப் பாசி அட்லாண்டிக்கிலிருந்து பாய் பாயாக மிதந்து வந்து கரை ஒதுங்குகிறது. அழுகினால் கெட்டுப்போன முட்டை நாற்றம். காற்றைப் பார்த்த கிழக்குக் கரைகளில்தான் பெரும்பாலும் குவியும். அதே தீவின் மேற்குக் கரை சுத்தமாக இருக்கலாம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மறு வருடமும் ஜூலையில்தான் விடுமுறை கிடைத்தது. இந்த முறை நிலாவெளிக்குப் போனோம். விமானத்தில் பக்கத்தில் இருந்தவர், "இப்ப இலங்கையில மழைக்காலமாச்சே" என்று பயமுறுத்தினார். இறங்கியபோது கொழும்பில் மழை கொட்டியது உண்மைதான். திருகோணமலையை நெருங்க நெருங்க வானம் வெளுத்தது, மண் காய்ந்தது. நிலாவெளியில் கடலைப் பார்த்தபோது மனைவி என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள். ஃபுக்கெட் கணக்கு பாதி தீர்ந்தது.

புறாத்தீவுக்கு எங்களை ஏற்றிச் சென்ற படகோட்டி வயதானவர். "ஐயா, எப்படி இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்டேன். "இப்ப சோழகம், தம்பி. காத்து தரையில இருந்து கடலுக்கு அடிக்குது. அதால கரையில அலை இல்ல. மார்கழியில வந்து பாருங்கோ, இந்த இடத்தில நிக்கேலாது" என்றார். சோழகம் என்றால் தென்மேற்குக் காற்று. எனக்கு ஒரு வரைபடமும் நாலு கட்டுரையும் தேவைப்பட்ட விஷயத்தை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஆனால் அவர் சொன்னதன் இரண்டாவது பாதி, அதாவது காற்று கடலை நோக்கி அடிக்கிறது என்பது, மறுநாள்தான் எனக்கு உறைத்தது. மகளுக்கு ஒரு காற்றடைத்த மெத்தை வாங்கிக் கொடுத்திருந்தேன். அவள் அதன்மேல் படுத்திருந்தாள், நான் இடுப்பளவு தண்ணீரில் நாலடி தள்ளி நின்றேன். மூக்கில் போன தண்ணீரைச் சிந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், நாலடி முப்பது அடி ஆகியிருந்தது. அலை இல்லை, இழுப்பு இல்லை, ஒரு சத்தமும் இல்லை. காற்று மெத்தையை வழுக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அவள் சிரித்தபடி கையசைத்தாள். நான் ஓடினேன், அப்புறம் நீந்தினேன். தண்ணீர் தாடையைத் தொடும் ஆழத்தில் அவள் கால் என் கைக்குச் சிக்கியது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டு மெத்தையை விட்டுவிட்டேன். அது தாவித் தாவி அடிவானத்தைப் பார்த்துப் போனது. படகோட்டியிடம் சொன்னபோது, "அது இனி பர்மாவுக்குத்தான்" என்றார்.

அன்று அவர் கற்றுக்கொடுத்தது இது. தண்ணீரில் இறங்குமுன் ஒரு பிடி காய்ந்த மணலை மேலிருந்து தூவிப் பாருங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் அன்று மெத்தை, ரப்பர் வளையம், ஊதல் படகு எதுவும் வேண்டாம். நீந்துபவரைக் காற்று அதிகம் தள்ளாது. தண்ணீருக்கு மேலே நிற்கும் பொருளைத்தான் தள்ளும். ஒருவேளை மெத்தையில் இருக்கும் நீங்களே ஆழத்துக்குப் போய்விட்டால், அதை விட்டுவிட்டு நீந்தப் பார்க்கக் கூடாது. அதன்மேலேயே இருந்து கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். நான் மெத்தையை விட்டது எனக்குக் கால் எட்டியதால். அமைதியான கடல் என்றால் ஆபத்தில்லாத கடல் என்று அதற்கு முன் நினைத்திருந்தேன்.

மூன்றாவது பயணம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவு. இந்த முறை மைத்துனர் குடும்பமும் சேர்ந்துகொண்டது. பக்கம் பார்த்தாகிவிட்டது, மாதம் பார்த்தாகிவிட்டது, ஜூலையில் மழை இல்லை, எல்லாம் சரி என்று நிமிர்ந்த நெஞ்சோடு கிளம்பினேன். கிழக்குக் கரையில் ஜம்பியானி என்ற இடம். பௌர்ணமிக்கு மறுநாள் இரவு போய்ச் சேர்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே அலைச் சத்தம் கேட்டது, நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் பயணக் களைப்புத் தீர எழுந்து, பத்தரை மணிக்குத் துண்டுகளோடு வெளியே வந்தால் கடலைக் காணோம்.

மிகையில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல், பாசி, அங்கங்கே குட்டைகள். பாசி வளர்ப்பதற்காக நட்ட குச்சிகள் வரிசை வரிசையாக நின்றன. கடல் எங்கேயோ தொலைவில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மைத்துனர் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, ராத்திரி இருந்துச்சே" என்றார்.

சான்சிபாரில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே உயரத்தில் 4 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். செங்குத்தான கரையாக இருந்தால் நாலு மீட்டர் பெரிதாகத் தெரியாது. கிழக்குக் கரையோ சமையல் மேடை மாதிரி சமதளம். அதனால் தண்ணீர் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கிவிடுகிறது. ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பொறுத்தால் திரும்ப வந்துவிடும். அன்று மாலை நாலரை மணிக்கு மதில் சுவரை அலை தொட்டது.

வேலையில்லாமல் மணலில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் கடலின் கடிகாரத்தைப் பழகிக்கொண்டேன். வற்றும் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி நேரம், ஐம்பது நிமிடம் என்று தள்ளிப் போகும். முதல் நாள் பத்தரைக்கு வற்றியது, ஐந்தாம் நாள் மதியம் ஒன்றரைக்குத்தான் வற்றியது. எனவே காலையில் குளித்துவிட்டோம். பாதிப் பிறை நாட்களில் ஏற்றமும் இறக்கமும் மட்டுப்பட்டுவிடும். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. இப்படி நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கரைகளில், பௌர்ணமி அன்று எத்தனை மணிக்கு வற்றுகிறதோ அடுத்த அமாவாசைக்கும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்குத்தான் வற்றும். ஜம்பியானியில் அது முற்பகல். ஆக, அந்தக் கரைக்குப் பௌர்ணமி வாரத்தில் போகிறவர் காலைக் குளியலை மறந்துவிடலாம். ஒரு வாரம் முன்போ பின்போ போயிருந்தால் காலை பத்து மணிக்கு இடுப்பளவு நீல நீர் கிடைத்திருக்கும். கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் ஒவ்வொரு கரைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. விமானச் சீட்டுக்குத் தேதி பார்க்கும்போதே அதையும் பார்த்திருக்கலாம்.

அதே தீவின் வடக்கு முனையில் நுங்வி, கெந்த்வா கரைகளில் சரிவு அதிகம். அங்கே வற்றினாலும் நீந்தத் தண்ணீர் இருக்கும். நடுவில் ஒரு நாள் வண்டி பிடித்து அங்கே போய் வந்தோம். இலங்கையிலும் மாலத்தீவிலும் இந்தத் தலைவலியே கிடையாது. அங்கெல்லாம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான்.

வற்றிய கடலில் நடப்பதும் சுகம்தான், அதையும் சொல்ல வேண்டும். நட்சத்திர மீன், நண்டு, ஓரங்குலக் குட்டி மீன் என்று பிள்ளைகளுக்கு நேரம் போனதே தெரியவில்லை. மைத்துனர் மட்டும் வெறுங்காலோடு நடந்தார். கறுப்பு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கடல் முள்ளெலி ஒன்றை மிதித்தார். ஏழெட்டு முட்கள் ஏறிவிட்டன. விடுதியில் இருந்த பெண், குத்திக் கிளறாதீர்கள், ஒடிந்து உள்ளே போய்விடும் என்று தடுத்து, சூடு தாங்கும் அளவுக்கு வெந்நீரில் காலை வைக்கச் சொன்னாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் இடுக்கியால் எடுத்தோம். அதிலிருந்து எங்கள் பெட்டியில் முதலில் ஏறுவது ரப்பர் அடியுள்ள கடல் செருப்பு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திரும்பி வரும் கடல் நேர்க்கோட்டில் வராது. பள்ளமான வாய்க்கால்களில் முதலில் நிரம்பும். நீங்கள் தூரத்து மேட்டில் நின்று வேடிக்கை பார்க்கும்போது உங்களுக்கும் கரைக்கும் நடுவில் முழங்காலளவு தண்ணீர் வந்திருக்கும். நன்றாக வற்றிய நேரத்துக்குள் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவது நல்லது.

இந்தப் பயணத்துக்கு அப்புறம்தான் செயற்கைக்கோள் படம் பார்க்கும் பழக்கம் வந்தது. விடுதிக்காரர் போடும் படம் நல்ல நாளில், நல்ல நேரத்தில், நல்ல கோணத்தில் எடுத்தது. வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு யாரிடமும் தாட்சண்யம் கிடையாது. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பவளப்பாறை. அலை அங்கேயே உடைந்துவிடும். உள்ளே இருப்பது அமைதியான காயல், குழந்தைகளுக்கு ஏற்றது. ஆனால் வற்றும்போது ஆழம் குறையும். கோடே இல்லாமல் அலைகள் வரிசையாக மணல் வரைக்கும் வந்தால், அது பலகைச் சறுக்குக்காரர்களுக்கான கடல். கோட்டின் நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறதா? உள்ளே வந்த தண்ணீரெல்லாம் வெளியே போகும் வாசல் அது. அதற்கு நேர் எதிரே குளிக்கக் கூடாது.

மொரிஷியஸுக்கு ஆகஸ்ட்டில் போனோம். தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பாறை அரண் இருக்கிறது, அலையைப் பற்றிக் கவலை இல்லை. காற்றைத்தான் மறந்திருந்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசும். நாங்கள் தங்கியதோ கிழக்குக் கரை. புத்தகத்தின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது, தொப்பி இரண்டு முறை பறந்தது. போதாததற்கு அது தெற்கே 20 பாகையில் இருக்கும் தீவு, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். தண்ணீரில் இறங்கியதும் மகள் வீறிட்டாள். ஒரு மணி நேரம் வண்டியில் போய் மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் இறங்கினால் காற்றே இல்லை. மிச்ச நாட்களுக்கு அங்கேயே அறை மாற்றிக்கொண்டோம். கிழக்கில் கட்டிய பணம் போனது போனதுதான்.

கொடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கட்டாவில் இரண்டாம் நாள், "முழங்கால் அளவுக்கு மட்டும் இறங்குகிறேனே" என்று உயிர்காப்பாளரிடம் கெஞ்சினேன். அவர் வாயால் ஒன்றும் சொல்லாமல், கையைப் பிடித்து மேட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். இரண்டு இடங்களில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பாதை மட்டும் கருமையாக, அலையே இல்லாமல் இருந்தது. நானாக இருந்தால் அங்கேதான் இறங்கியிருப்பேன். அதுதான் ரிப் எனப்படும் இழுவை. கரையேறிய தண்ணீர் மொத்தமும் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. வேகம் வினாடிக்கு 2 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக் நீச்சல்காரர்கூட அதை எதிர்த்து நெடுநேரம் நீந்த முடியாது. அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். செத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி, கை ஓய்ந்து போனவர்கள். மாட்டினால் முதலில் மிதக்க வேண்டும், கையை உயர்த்த வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை வெள்ளையாக உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரையேற வேண்டும். எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இறங்குமுன் ஐந்து நிமிடம் உயரமான இடத்தில் நின்று பார்ப்பது இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

இலங்கையின் தென்கரைக்கு ஒரு ஜனவரியில் போனோம். மாதம் சரி, பக்கம் சரி, ஓதம் பிரச்சினையே இல்லை. நானே கெடுத்தேன். ஏழு நாளில் ஹிக்கடுவ, உனவடுன, மிரிஸ்ஸ என்று மூன்று இடம் போட்டேன். பெட்டி கட்டு, அறையைக் காலி செய், வண்டி பிடி, அடுத்த அறை தயாராகும் வரை வரவேற்பறையில் வியர்த்துக்கொண்டு உட்கார், இணையக் கடவுச்சொல் கேள். அந்த வாரத்தில் இரண்டு பகல் முழுசாக இதற்கே போயிற்று. எனக்கு எப்போதுமே முதல் இரண்டு நாள் மனம் அலுவலகத்திலேயே இருக்கும். மூன்றாம் நாள் மதியம் வாக்கில்தான் தோள் இறங்கும், கைப்பேசியை எங்கே வைத்தோம் என்பது மறக்கும். சரியாக அந்த நேரத்தில் பெட்டி கட்டினால் திரும்பவும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போடுகிறவர்களிடம் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை, அது வேறு விதமான பயணம். ஓய்வு என்றால் ஒரே அறை, ஒரே மணல், குறைந்தது ஐந்து இரவு.

அந்த வகையில் மாலத்தீவு சோம்பேறிகளின் சொர்க்கம். ஒரு விடுதி, ஒரு தீவு, சுற்றி நடந்தால் இருபது நிமிடம், போக வேறு இடமே கிடையாது. நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடப்பதால் அங்கே புயல் தொல்லையும் குறைவு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 5 பாகைக்குள் காற்று சுழல்வதற்கு வேண்டிய திருகல் கிடைப்பதில்லை. நாங்கள் போனது பிப்ரவரி, வறண்ட மாதம். அங்கேயும் ஒரு அடி வாங்கினோம். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். எங்கள் விமானம் தரையிறங்கியது மாலை ஐந்தரைக்கு. கணக்கில் வைத்திருந்த ஆறு இரவில் முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கழிந்தது. மதியத்துக்குள் போய் இறங்கும் விமானமாகப் பாருங்கள். இல்லையென்றால் விரைவுப் படகு போய்வரும் தூரத்தில் தீவைத் தேர்ந்தெடுங்கள்.

மாலத்தீவில் தீவைத் தேர்ந்தெடுக்கும்போது விடுதிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மணலிலிருந்து பாறை விளிம்பு எத்தனை மீட்டர்? சில தீவுகளில் இருபது முப்பது மீட்டர் நீந்தினால் பாறைச் சரிவு, ஆமை, மீன் கூட்டம் எல்லாம் கிடைக்கும். சில தீவுகளில் அகலமான வெளிர்நீலக் காயல் மட்டும் இருக்கும். படத்துக்கு அழகு, மீன் பார்க்கப் படகு ஏற வேண்டும். சின்னக் குழந்தை இருந்தால் இரண்டாவது, முகமூடி மாட்டிக்கொண்டு மிதக்க ஆசையென்றால் முதலாவது. மணலும் அங்கே ஒரே இடத்தில் நிற்பதில்லை. பருவக்காற்று மாறும்போது தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுற்றிப் போய்விடும். நாங்கள் இருந்தபோது ஒரு பக்கத்து அறைகளுக்கு முன்னால் மணல் மூட்டைதான் அடுக்கியிருந்தது. இந்த மாதத்தில் எந்தப் பக்கம் மணல் இருக்கும் என்று கேட்டு அறை வாங்குங்கள்.

வெயில். இதை நான் இரண்டு வரியில் முடித்திருப்பேன், பட்டிராவிட்டால். மேகமூட்டமான காலையில் நாற்பது நிமிடம் குப்புற மிதந்து மீன் பார்த்தேன். முதுகுக்குப் பனியன் இருந்தது. முழங்காலுக்குப் பின்புற மடிப்பை மறந்துவிட்டேன். இரண்டு நாள் உட்காரவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் வாத்து மாதிரி திரிந்தேன். மாநிறம், கறுப்பு நிறம், நமக்கெல்லாம் சுடாது என்று நினைத்துவிட வேண்டாம். வெப்பமண்டல நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம், மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் நிழலுக்குள் இருங்கள். வெயிலுக்குப் பூசும் களிம்பைவிட முழுக்கைச் சட்டையும் முழங்கால் மூடும் நீச்சல் உடையும் மேல். களிம்பு பூசினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நனைந்து துடைத்தபின் இன்னொரு முறை. புட்டியின் பின்பக்கத்தையும் படியுங்கள். பவளத்தைப் பாதிக்கும் என்று ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த களிம்பைப் பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லும் ஹவாய் 2021-லும் தடை செய்தன. தாய்லாந்து தன் கடல் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடுக்கிறது.

போகும் இடம் திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது இப்போது. பிலிப்பைன்ஸின் பொராக்காய் தீவையே 2018-இல் ஆறு மாதம் மூடிச் சுத்தம் செய்தார்கள். பீ பீ பக்கத்து மாயா குடா 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பரில் அதற்கு விடுமுறை. சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை திறப்பதில்லை.

விடுதியைப் பற்றி மற்றவர்கள் எழுதும் கருத்துகளை நான் இப்போது நட்சத்திரம் பார்த்துப் படிப்பதில்லை. நாங்கள் போகும் மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் தேடிப் படிக்கிறேன். அதிலும் குறை சொல்கிறவர்கள்தான் எனக்கு வேண்டியவர்கள். "கடலில் இறங்கவே முடியவில்லை" என்று ஒருவர் ஜூலையில் எழுதியிருந்தால், பிப்ரவரியில் எழுதிய நூறு பாராட்டும் எனக்கு உதவாது. கட்டாவைப் பற்றி அப்படி எழுதிய மூன்று பேரைப் பிறகு கண்டுபிடித்தேன்.

மகளுக்கு இப்போது பதினேழு. வரும் ஜூனில் செஷல்ஸ் போகலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். ஜூனில் அங்கே தென்கிழக்குக் காற்றாயிற்றே என்று நான் இழுத்தேன். அதற்குள் அவள் லா டீக் தீவை மடிக்கணினியில் பெரிதாக்கி வைத்திருந்தாள். மேற்குப் பக்கம் ஆன்ஸ் சூர்ஸ் தர்ஜான், பாறைக்கு உள்ளே வெளிர் நீலம். தென்கிழக்கே கிராண்ட் ஆன்ஸ், கோடே இல்லை, அலை மணல் வரைக்கும் வருகிறது. "அப்பா, இந்தப் பக்கம் தங்குவோம். அந்தப் பக்கம் சைக்கிள்ல போய்ப் பாத்துட்டு மட்டும் வரலாம், குளிக்க வேணாம்" என்றாள். அவள் அம்மா சமையலறையிலிருந்து, "பௌர்ணமி என்னைக்குன்னு பாத்தீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. காலண்டரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.